தோள் என்று ஒரு திருத்தம்

பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் அவளுக்குப் பேர் சுடுதண்ணி. உதவியாளர் வேலை. காலையில் வாளி நிறைய வெந்நீரோடு வந்து, எழுந்திருக்க முடியாதவர்களுக்கு உடம்பு துடைத்துவிட்டு, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைப்பாள். வாளியைப் பார்த்துத்தான் அந்தப் பேர் வந்தது என்று நர்ஸுகள் மரியாதைக்குச் சொல்வார்கள். சும்மா. வாயைப் பார்த்து வந்த பேர். பார்வை நேரம் முடிந்தும் நோயாளியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற சொந்தக்காரர்களை அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். கொண்டுவந்த பையைக்கூட மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தச் சுடுதண்ணிதான் நாவல் எழுதினாள். அதுவும் எப்படிப்பட்ட நாவல்? அதில் அன்பும் இருக்கிறது, கட்டிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே நடக்கிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அதைப் புத்தகமாகப் போட அந்தப் பெண் பட்ட பாடு இருக்கிறதே, நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

ஆரம்பம் ஜன்னலோரக் கட்டிலில். அங்கே ஒரு அம்மா படுத்திருந்தார். பேக்கரியில் பில் போடுகிறவர், ஐம்பதைத் தொட்ட வயது. வலது மார்பை எடுத்திருந்தார்கள். புருஷன் தினமும் வருவார். தங்கமான மனுஷன், ஆனால் கால்மாட்டைத் தாண்டி வரமாட்டார். மருந்துச் சீட்டை வாங்குவார், மாத்திரையைக் கொண்டுவந்து கொடுப்பார், ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பார், போய்விடுவார். ஒரு காலையில் தையலைச் சுற்றிப் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவர் இன்னும் பார்க்கலை. பார்த்தா, அதுக்கப்புறம் என்னைத் தொடுவாரா?”

எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருக்கிற சுடுதண்ணி இதற்குப் பதில் தேடிக் கிளம்பினாள். டாக்டரிடம் போய்க் கேட்டாள். புண் நன்றாக ஆறிவருகிறது என்றார் டாக்டர். நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் கேட்டாள். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். வலது கையை எப்படி மெல்ல மெல்லத் தூக்கிப் பழக வேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது. தூக்கிய கையை யார்மேல் போடுவது என்று அதில் இல்லை.

சரி, கதையிலாவது இருக்கும் என்று தேடினாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் கதை படிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. இரண்டு ரகம் கிடைத்தது. ஒரு ரகத்தில் அன்பு வழிந்தது. பக்கம் பக்கமாகக் கண்ணோடு கண் பார்ப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், உடனே விளக்கு அணைந்துவிடும். விடிந்தால் குழந்தை. இன்னொரு ரகத்தில் விளக்கு அணையவே இல்லை, ஆனால் அந்த வெளிச்சத்தில் மனுஷர்களே இல்லை. யாருக்கும் காய்ச்சல் இல்லை, தழும்பு இல்லை, ‘வலிக்குதா’ என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்த இரண்டில் எதைக் கொண்டுபோய் ஜன்னலோரத்து அம்மாவிடம் கொடுப்பது? அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தாள்.

கதை இதுதான். ஒரு பெண்ணுக்கு மார்பில் புற்று. எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தவள் சட்டையில் இரண்டு பொத்தான்வரைதான் கழற்றுவாள். மூன்றாவதில் புருஷன் கை வைத்தால் அவள் கை வந்து மூடிக்கொள்ளும். அந்த மூன்றாவது பொத்தானுக்கு அவர்கள் இரண்டு பேரும் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் முழு நாவலும். பேரே ‘மூன்றாவது பொத்தான்’. கடைசியில் அது கழலுகிறது, பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்கும்போது. அவன் பார்க்க வேண்டும் என்று அவளே பகலைத் தேர்ந்தெடுக்கிறாள். அவன் பார்க்கிறான். தொடுகிறான், ‘இங்கேயா, இங்கேயா’ என்று கேட்டுக் கேட்டுத் தொடுகிறான். அதற்குமேல் நடப்பதையும் சுடுதண்ணி எழுதினாள், ஒன்றையும் ஒளிக்காமல், அவசரப்படாமல்.

எழுதும்போது அவளை அதிகம் படுத்தியது வார்த்தை. நம் பாஷையில் அந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் சுவரில் கரியால் கிறுக்குகிற வார்த்தை இருக்கிறது. இன்னொரு பக்கம் தாமரை, கலசம் என்று சாமான் பட்டியல் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லையா? இருக்கிறது. வார்டில் தினமும் சொல்கிறாளே, ‘மார்புக்கட்டு மாத்தணும்’, ‘தொடையைக் கொஞ்சம் தூக்குங்க’ என்று. அதே வார்த்தைகளை, அதே குரலில் எழுதினாள்.

சுடுதண்ணியின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எழுதியதை முதலில் அவரிடம்தான் நீட்டினாள். படித்துவிட்டுக் காது சிவந்து, இது நம்மளைப் பற்றியா என்று கேட்டார். நம்மளைப் பற்றி எழுதினால் ஒரு பக்கத்துக்குமேல் வராது என்றாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அவன் ‘வலிக்குதா’ என்று கேட்கிற அந்த ஏழாவது அத்தியாயத்தை இன்னொரு தடவை காட்டு என்றார்.

போனில் கதை போடுகிற செயலியில் சுடுதண்ணி என்ற பேரிலேயே போட்டாள். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று பூட்டுப் போட்டார்கள். நியாயம்தான், அவள் ஒன்றும் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதவில்லை. ஆனால் பூட்டுக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தில் இருந்த கதைகளின் அட்டைப் படங்களைப் பார்த்து அவளுக்குக் குமட்டியது. வந்த வாசகர்களும் அதற்கு ஏற்றாற்போல் இருந்தார்கள். எந்த அத்தியாயத்தில் மேட்டர் வருகிறது, நேராகச் சொல்லு என்று ஒருவன் கேட்டான். முதல் அத்தியாயத்தில் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறானே, அதுதான் மேட்டர், புரியவில்லையென்றால் மறுபடியும் படி என்று பதில் போட்டாள். குடும்பப் பெண்கள் நடமாடுகிற இடத்தில் இந்த அசிங்கம் தேவையா என்று ஒரு பெரிய மனுஷர் கேட்டார். பூட்டைத் திறந்துகொண்டு வந்தது நீங்களா நானா என்று அவருக்குப் பதில் போனது. நாத்தனார் நேரிலேயே வந்தாள். குடும்ப மானம் கப்பலேறுகிறது என்றாள். கடைசி அத்தியாயம்வரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்து சொன்னாள் என்பதுதான் விசேஷம்.

பிறகு மெதுவாக வேறு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண், ஏழாவது அத்தியாயத்தை என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், பதில் போடவில்லை, சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ‘இன்னும் வலிக்குதா’ என்று கேட்டார், ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாகக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாள். ஒரு ஆள், தழும்பைத் தொட்டால் அவளுக்கு வலிக்குமா, யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தான். துணிகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய் நின்று இதைப் படித்த சுடுதண்ணிக்கு அழுகை வந்தது. இப்படிப்பட்டவர்களையும் சேர்த்துத் திட்டக் கிளம்பினோமே என்று இருந்தது. தெரியாததைக் கேட்க ஒரு இடம் இல்லாமல் எத்தனை பேர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்!

யாருக்காக எழுதினாளோ அந்த ஜன்னலோரத்து அம்மா மட்டும் படிக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார், அவ்வப்போது சோதனைக்கு வருவார். போனில் படித்தால் கண் எரிகிறது, என் வீட்டுக்காரருக்கோ போன் என்றாலே ஆகாது, புத்தகமாக வந்தால் சொல்லு, வாங்கி அவர் தலைமாட்டில் வைக்கிறேன், என் வாயால் கேட்க முடியாததை அது கேட்கட்டும் என்றார். அந்த ஒரு புத்தகத்துக்காகத்தான் சுடுதண்ணி பதிப்பாளர் படியேறினாள்.

சின்னப் பதிப்பகம். முன்னறையில் மேஜையும் கம்ப்யூட்டரும். பின்னறையில் உத்தரம்வரை புத்தகக் கட்டு. வாசலை ஒட்டி அவர் மனைவி உட்கார்ந்து பார்சல்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பதிப்பாளர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் மாதிரி பேசினார். உங்கள் கதையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அந்தப் பாசம் இருக்கிறதே, அடடா என்றார். போடுகிறேன் என்றார். ‘அந்த இடங்களை’ மட்டும் கொஞ்சம் மென்மையாக்கினால் நூலகத்துக்கும் போகும், குடும்பங்களுக்கும் போகும் என்றார். எந்த இடங்கள் என்று கேட்டாள். அதுதான், அந்த இடங்கள் என்றார். டேப் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி ஒரு தடவை நிமிர்ந்து புருஷனைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

சுடுதண்ணிக்குப் பணிக்கு நேரமாகிவிட்டது. எழுந்துகொண்டே விரலை நீட்டி, “பாத்துக்கோங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வினையே அந்த வார்த்தைதான். நம் ஆட்கள் வாயில் அதற்கு இரண்டு அர்த்தம். விரலை நீட்டிச் சொன்னால் ‘ஜாக்கிரதை, கை வைத்தால் நடப்பதே வேறு’. கை கூப்பிச் சொன்னால் ‘எல்லாம் உங்கள் பொறுப்பு’. அவள் விரலை நீட்டித்தான் சொன்னாள். பதிப்பாளர் விரலைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாரா, அவருக்குத்தான் வெளிச்சம்.

புத்தகம் வந்துவிட்டது, கடைகளுக்குப் போய்விட்டது, உங்கள் பிரதிகள் அடுத்த வாரம் வரும் என்று சேதி சொன்னார். அதற்குள் ஒரு நாள் ஜன்னலோரத்து அம்மா சோதனைக்கு வந்தார், கையில் புத்தகத்தோடு. பஸ் நிலையத்துக் கடையில் பார்த்து வாங்கினாராம். சுடுதண்ணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பிரித்து நீட்டினார்.

“தோள்னு போட்டிருக்கியே. எனக்கு எடுத்தது தோளா? என்னைத் துடைச்சுவிட்ட உனக்கே அதைச் சொல்ல வெட்கமா இருந்ததா?”

சுடுதண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. வாங்கிப் படித்தாள். ‘அவளுடைய வலது தோளை எடுத்துவிட்டார்கள்’ என்று இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். ‘தோளில் புற்று’. ‘தோள் இருந்த இடத்தில் ஒரு தழும்பு’. கம்ப்யூட்டரில் தேடித் தேடி மாற்றியிருக்கிறார்கள். மார்பு, மார்பில், மார்பை என்று உருபு உருபாகத் தேடிப் பிடித்து, என்ன சிரத்தை, என்ன பொறுமை! மார்போடு நிற்கவுமில்லை. முத்தத்தையெல்லாம் புன்னகை ஆக்கியிருந்தார்கள், ஆகவே நாயகன் அவள் நெற்றியில் ஒரு புன்னகை கொடுத்தான். உடலையெல்லாம் உள்ளம் ஆக்கியிருந்தார்கள், ஆகவே நர்ஸு வந்து ஈரத்துணியால் அவள் உள்ளத்தைத் துடைத்துவிட்டாள். படுக்கையையெல்லாம் நாற்காலி ஆக்கியிருந்தார்கள். கதையில் ஒரு மாமியார் பக்கவாதத்தில் விழுந்தவர், அவர் இப்போது வருஷக்கணக்கில் படுத்த நாற்காலியாகக் கிடந்தார்.

எட்டிப் பார்த்த நர்ஸு அந்த வரியைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுடுதண்ணி கடைசி அத்தியாயத்தைத் திருப்பினாள். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெயில் அடித்தது, மூன்றாவது பொத்தானில் அவன் கை வைத்தான். அடுத்த வரி ‘விளக்கு அணைந்தது’. அதோடு கதை முடிந்தது. பட்டப்பகலில் எந்த விளக்கடா அணைந்தது, பாவிகளா!

நர்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. இதை அவரிடம் கொடுக்கலாம் என்றுதான் வாங்கினேன், இப்போது எதைக் கொடுப்பது என்று கேட்டார் ஜன்னலோரத்து அம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் சுடுதண்ணியைச் சுட்டது. நான் எழுதியது இது இல்லை அக்கா, சரியான புத்தகம் உங்கள் கைக்கு வரும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிரதியை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் சீருடைகூட மாற்றாமல் பதிப்பகத்துக்குப் போனாள்.

பதிப்பாளர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. புத்தகத்தை மேஜையில் போட்டு, யார் செய்த வேலை இது என்று கேட்டாள். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, நானே உட்கார்ந்து செய்தேன் என்று பெருமையாகத்தான் சொன்னார். நீங்கள்தானே பாத்துக்கோங்க என்று சொன்னீர்கள் என்றார். அந்த விரலை மறுபடியும் அவர் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினாள். மனுஷர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

கதையைப் படித்தீர்களா என்று கேட்டாள். தேடி மாற்றினேன் என்றார். படித்தீர்களா என்று கேட்டேன் என்றாள். வேலை நெருக்கடி என்று ஆரம்பித்து, குடும்பம், பெண்கள், நாலு பேர் என்று எங்கெங்கோ போய்ப் பூசி மெழுகினார்.

“படுக்கையை நாற்காலி ஆக்கினதை விடுங்க. மார்பை ஏன் தோள் ஆக்கினீங்க? அந்த வார்த்தையை இப்ப ஒரு தடவை சொல்லுங்க, கேக்கறேன்.”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அந்தப் பகுதி என்றார். பெண்கள் எதிரில் எப்படி என்றார். முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் டேப் இழுக்கிற சத்தம் நின்றது.

“அவருக்குத் தோள்னுதான் வரும்மா,” என்றார் மனைவி.

புருஷன் திரும்பிப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அந்த அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. அவர் சொன்னது இது. என் மாமியாருக்கு மார்பில் கட்டி வந்தது. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தோள் வலி என்று சொன்னார். பிள்ளையும் தைலம் வாங்கிவந்து கொடுத்தார், ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. என்னிடமும் காட்டவில்லை. எழுந்திருக்க முடியாமல் போய், நான் குளிப்பாட்டப் போனபோதுதான் பார்த்தேன். அதற்குள் கை மீறிவிட்டது. டாக்டர் வந்து பேரைச் சொன்ன பிறகும், காரியம் முடிந்த பிறகும், துக்கம் விசாரிக்க வந்த எல்லாரிடமும் தோள் வலியில் போனார் என்றுதான் இவர் சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

பதிப்பாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடுதண்ணிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தத் தாய் பிள்ளை முன்னால் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்தது. வந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று. ஒரு சொல்லைச் சொல்லக் கூசி ஒரு உயிர் போயிருக்கிறது. இந்த மனுஷர் அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அதே தைலத்தைப் புத்தகத்தில் அடைத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்.

“உங்க அம்மாவைக் கொண்டுபோனது அந்தத் ‘தோள்’ங்கிற வார்த்தைங்க. அதையேதான் என் கதையில அச்சடிச்சு வித்திருக்கீங்க,” என்றாள். சத்தம் போடவில்லை. வார்டில் கட்டைப் பிரிக்கும்போது பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கடைகளில் இருப்பதைத் திருப்பி வாங்குங்கள், நான் எழுதியபடி ஒரு எழுத்து மாறாமல் மறுபடியும் போடுங்கள் என்றாள். தலையாட்டினார்.

“சரிம்மா. நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்க வேணாம். படிங்க.”

அவர் மனைவி எழுந்தார். அலமாரியிலிருந்து சுடுதண்ணி கொடுத்திருந்த பழைய தாள்கட்டை எடுத்து, கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, புருஷன் முன்னால் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சத்தமாகப் படிங்க என்றார். பதிப்பாளர் படிக்க ஆரம்பித்தார். ஜன்னலும் வெயிலும்வரை ஒழுங்காகப் போயிற்று. அந்த வார்த்தை வந்ததும் திக்கினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் திக்கினார். பிறகு சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். மனைவி தாளில் விரலை வைத்து அடுத்த வரியைக் காட்டினார். சுடுதண்ணி அத்தியாயம் முடிகிறவரை நின்றுகொண்டே கேட்டாள். நடுவில் ஒரு வரியை அவர் தாண்டப் பார்த்தபோது, மேலே ஒன்று விட்டுப்போச்சு என்று ஞாபகப்படுத்தினாள்.

புதுப் புத்தகம் வந்தபோது முதல் பிரதி ஜன்னலோரத்து அம்மாவுக்குப் போயிற்று. நாத்தனார் தனக்கும் ஒரு பிரதி கேட்டாள், உறை போட்டுக் கொடுக்கச் சொன்னாள். திட்டியவர்கள் இன்னமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேட்டர் எங்கே என்று கேட்கிறவன் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். சுடுதண்ணி எல்லாருக்கும் பதில் போடுகிறாள், கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை.

அடுத்த சோதனைக்கு ஜன்னலோரத்து அம்மா வந்த அன்று வார்டில் நல்ல கூட்டம். சுடுதண்ணி வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். அந்த அம்மா வாசலிலேயே அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பார்த்துட்டாரு,” என்றார்.

சுடுதண்ணி வாளியைக் கீழே வைத்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“பகல்லயா?”

“பகல்லதான்.”